சம்பந்தி வீட்டு மிளகாய் நாற்றும் மார்கழிப் பனியும்

புதன்கிழமை, மதியம் மூன்று மணி.

கோத்தகிரி பேருந்து நிலையத்தில் மேட்டுப்பாளையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மடியில் ஒரு பை கேரட், ஒரு பொட்டலம் வர்க்கி. ஸ்வெட்டர் வேண்டுமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்து, மலையிறங்கும் வரைக்காவது ஆகட்டும் என்று போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மார்கழியில் எங்கள் ஊர்ப் புல்லெல்லாம் விடிகாலையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். காஞ்சிபுரத்தில் என்ன பெரிய குளிர் இருந்துவிடப் போகிறது?

நான் கோத்தகிரியில் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கொஞ்சம் பூச்செடி. பண்ணையைப் போட்டுவிட்டு நான் எங்கும் போகிறவள் இல்லை. இந்த முறை என் மகள் நித்யா போனில் அழாத குறையாகக் கூப்பிட்டுவிட்டாள். அவளைக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம்.

"அம்மா, அத்தையோட மிளகாய் நாத்தெல்லாம் விழுந்துகினே இருக்குதும்மா. சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறாங்க. நீ ஒரு தடவ வந்து பாரேன்."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் பெண்ணின் பேச்சில் 'விழுந்துகினு' வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "வர்றேன் கண்ணு" என்றேன். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை அது. நித்யாவின் மாமியார் கோமதி, என் சம்பந்தி, வாழ்க்கை முழுக்கத் தறிக்குத் தார் சுற்றியவர். குறுக்கு நூலான ஊடையைச் சின்னக் குச்சியில் சுற்றி, தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாக் கட்டைக்குள் வைப்பார்களே, அதுதான் தார். கால் மூட்டு ஒத்துக்கொள்ளாமல் போனதும், போன கோடையில் முசரவாக்கத்தில் அண்ணன் விட்டுக்கொடுத்த ஒரு துண்டு நிலத்தில் நிழல்வலை கட்டி, குழித்தட்டில் கத்தரி, தக்காளி நாற்று விட்டார். நன்றாகப் போயிற்று. இப்போது முதல் தடவையாகப் பெரிய ஆர்டர்: தென்னேரி ஏரிப் பக்கம் நிலம் குத்தகை எடுத்திருக்கும் டேவிட் என்பவருக்குத் தை மாதம் நட மிளகாய் நாற்று. அதுதான் விழுகிறது.

வியாழன், காலை ஏழரை.

இரவு ரயிலில் காட்பாடி வந்து, வேலூரிலிருந்து காஞ்சிபுரம் பஸ் பிடித்தேன். டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். ஓச்சேரி தாண்டியதும் வெளிச்சம் வந்தது. வயல் முழுக்கப் பனி. பஸ்ஸில் பாதிப் பேர் தலையில் மஃப்ளர் சுற்றி, கண்ணை மட்டும் வெளியில் விட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா சால்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, "இன்னாம்மா, ஸ்வெட்டர கழட்டி மடியில வெச்சிருக்க? உனுக்குக் குளிரலியா?" என்றார்.

"இதெல்லாம் ஒரு குளிருங்களா?" என்றேன். போனை எடுத்துப் பார்த்தேன். இருபது டிகிரி. எங்கள் ஊரில் இந்தக் குளிருக்கு மின்விசிறி போடுவார்கள்.

தாமல், பாலுசெட்டிசத்திரம் கடந்து காஞ்சிபுரம். பேருந்து நிலையத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, பிள்ளையார்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்தேன். சந்துக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். சம்பந்தி வீட்டில் நித்யா ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். மருமகனும் வேலைக்குப் போயாகிவிட்டது. கோமதியின் கணவர் ஏகாம்பரம் மட்டும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. பிரயாணமெல்லாம் சௌரியமா?" என்றவர், குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அந்த மண்ணையும் தட்டையும் கட்டிகினு அழறா. தார் சுத்த ஆளில்லாம நான் பாதி நேரம் சும்மா உக்காந்துகினு கீறேன்."

அடுக்களையிலிருந்து கோமதி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். கண் கீழே கறுத்திருந்தது. "வாங்க சம்பந்தி" என்றவர், கணவரைத் திரும்பிப் பார்த்து, "இந்தத் தடவ போச்சுன்னா நானே வந்து தார் சுத்த உக்காந்துடறேன்னு சொல்லிட்டேன்ல? அப்பால இன்னா?" என்றார்.

ஆக, விழுந்துகொண்டிருந்தது நாற்று மட்டும் இல்லை.

முதலில் இட்லி சாப்பிட வைத்தார். மந்தாரை இலையில் வெந்த காஞ்சிபுரம் இட்லி. சுக்கும் மிளகும் தூக்கலாக இருந்தது. மனசில் எத்தனை கவலை இருந்தாலும் விருந்தாளிக்கு இரண்டாவது இட்லி வைக்க மறக்காத கை அது. நானும் வெட்கப்படாமல் மூன்றாவதையும் வாங்கிக்கொண்டேன்.

வியாழன், காலை பத்து மணி.

முசரவாக்கத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை, கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சும்மா டிக்கெட்டைக் கோமதி ஜாக்கெட்டுக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார். அரை மணி நேரப் பயணம். இறங்கி வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தால் பம்புசெட் ரூம், அதையொட்டி நிழல்வலைப் பந்தல்.

உள்ளே போய்ப் பார்த்தேன். தட்டுத் தட்டாக இளம் நாற்றுகள் தரையோடு சாய்ந்து கிடந்தன. ஒன்றைத் தொட்டுத் தூக்கினேன். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி, நூல் மாதிரி இளைத்து, கையோடு வந்துவிட்டது. நாற்றழுகல். எந்த நாற்றுக்காரருக்கும் பார்த்ததுமே தெரியும்.

தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு வாளி. அதில் ஊறிக்கொண்டிருந்தது பழைய வேட்டித் துணி.

"இது எதுக்குங்க சம்பந்தி?"

"சாயங்காலம் நனைச்சுப் பிழிஞ்சு மேல மூடிட்டுப் போவேன். ராத்திரி காஞ்சிடக் கூடாதுல்ல?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பட்டுக்குப் போடும் ஊடை ஈரமாக இருந்தால்தான் நெருங்கி உட்காரும். அதனால் சுற்றிய தாரை அந்த வீட்டில் ஈரத்துணி போட்டு மூடி வைப்பார்கள். காய விட்டால் தறியிலிருந்து ஏகாம்பரத்தின் சத்தம் கேட்கும். நாற்பது வருஷப் பழக்கம். கை தானாக வாளிக்குப் போகிறது. கோடையில் அதே ஈரத்துணிதான் கத்தரி நாற்றைக் காப்பாற்றியிருக்கிறது. வெயிலில் எல்லாருடைய நாற்றும் வதங்கும்போது கோமதி வீட்டு நாற்று மட்டும் தளதளவென்று நின்றதாம். ஊரே கேட்டு வாங்கிப் போயிருக்கிறது.

"அது கோடைங்க சம்பந்தி. இது மார்கழி. மிளகாய் சூட்டுப் பயிரு. குளிரு பட்டா வளர்றதையே நிறுத்திக்கும். தண்டு முத்தாம பிஞ்சாவே நிக்கும். அழுகல் பூஞ்சைக்குக் குளிரு ஒரு பொருட்டே இல்லீங்க, ஈரம் இருந்தாப் போதும், அது பாட்டுக்கு வேலையப் பாக்கும். செடி தூங்குது, சீக்கு முழிச்சுட்டு இருக்குது" என்றேன்.

கோமதி வாளியைப் பார்த்தபடியே நின்றார். "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"கெடுக்கலீங்க. உங்க கை தார் சுத்துன கை, அவ்வளவுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மலைக்காரி என்ற திமிர் ஒன்று இருக்கிறதே! முட்டைக்கோஸ் நாற்றை நடுவதற்கு முன்னால் எங்கள் பண்ணையில் சில நாள் வெளியே குளிரில் வைப்போம். தண்ணீரையும் குறைத்துவிடுவோம். தண்டு கெட்டிப்படும், இலை தடிக்கும், நோய் லேசில் நெருங்காது. கொஞ்சம் குளிர் காட்டினால் செடி உஷாராகிவிடும் என்பது என் அனுபவம். அதே நினைப்பில், "இன்னிக்கு ராத்திரி எதையும் மூடாதீங்க. நிழல்வலையையும் சுருட்டி விட்டுடலாம். குளிரு பட்டுப் பழகட்டும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அழுகின தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் திறந்த வானத்தின் கீழ் விட்டுவிட்டு வந்தோம்.

வெள்ளி, காலை ஏழு மணி.

போய்ப் பார்த்தால், ஒவ்வொரு இலையின் நுனியிலும் பனி முத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டில் மண் சொதசொதவென்று இருந்தது. நேற்று நின்ற நாற்றில் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

கோமதி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுங்க சம்பந்தி, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முட்டைக்கோஸ் குளிரில் பிறந்து குளிரில் வளர்கிற சாதி. மிளகாய் அப்படியா? கோமதி தன் வீட்டுத் தாரை இங்கே கொண்டுவந்தார், நான் என் வீட்டு முட்டைக்கோஸைக் கொண்டுவந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது மிளகாய்.

ஒரே ஒரு ஆறுதல். பம்புசெட் ரூமின் மேற்குச் சுவரை ஒட்டி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றுகூடச் சாயவில்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். செங்கல் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் முந்தின நாள் சாயங்கால வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொஞ்ச நேரமாவது சூடு விட்டிருக்கும். ரூமின் தகரக் கூரையும் அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்ததால் பனி நேராக விழவில்லை. கோமதியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, சாய்ந்த நாற்றைப் பொறுக்கக் குனிந்துவிட்டார்.

வெள்ளி, ஒன்பதரை மணி.

வீட்டுக்குத் திரும்பி வந்தால், தெருவில் ஏகாம்பரமும் இன்னும் மூன்று பேரும் பாவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பாவு என்பது தறியின் நெடுக்கு நூல். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை மஞ்சள் பட்டு நூல் இழுத்துக் கட்டி, வெயிலில் மின்னியது. கஞ்சியில் நனைத்த நூலை விரலால் நீவிக்கொண்டே வந்தார் ஏகாம்பரம். பைக்கில் வந்த ஒருவர் முனகாமல் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார்.

"ஏனுங்க, போன தடவை நான் வந்தப்ப விடிஞ்சும் விடியாம நீட்டினீங்களே? இன்னிக்கு இவ்வளவு நேரமா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"அது சித்திரை மாசம்மா. இப்ப மார்கழி. பனி ஏறிகினு இருக்கும்போது பாவு நீட்டுவாங்களா யாராவது? கஞ்சி காயாது. நூலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு மொத்தமும் பாழாப் பூடும். வெயிலு வந்து, பனி அடங்கினப்பறம்தான் வெளியவே எடுப்பேன். வெயில் எறங்கறதுக்கு முன்னாடி சுருட்டிக் காஞ்ச துணியில சுத்தி உள்ள வெச்சுடுவேன்." நிமிர்ந்து பார்த்தார். "இது கூடவா தெரியாது? அவளுக்கே தெரியுமே!"

கோமதியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வந்ததிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"அடக் கடவுளே! வீட்டுல பாதி வேல ஈரம், பாதி வேல காய்ச்சல். நான் ஈரத்த மட்டும் தூக்கிகினு போயிட்டேன் சம்பந்தி."

"அப்ப இன்னியிலிருந்து நாத்து தாரு இல்லீங்க. பாவு" என்றேன்.

ஏகாம்பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கோமதி நேராக அவரிடம் போய், "பாவு சுத்தற பெரிய துணி ரெண்டு பழசு கீதே, அத்த குடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"நாத்துக்கு."

அவர் வாயைத் திறந்தார். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டார். துணி வந்தது.

வெள்ளி, மதியம்.

அழுகலுக்கு எதிராக மண்ணில் போடும் டிரைக்கோடெர்மா பொடி வாங்க வாலாஜாபாத் போனோம். அதுவும் ஒரு பூஞ்சணம்தான், ஆனால் நல்ல பூஞ்சணம். கெட்டதைத் தின்றுவிட்டுச் செடியை விட்டுவிடும். உள்ளூர்க் கடைகளில் தீர்ந்துபோயிருந்தது, எல்லார் நாற்றுக்கும் ஒரே பனிதானே! வாலாஜாபாத்தில் அரிசி ஆலைகளின் உமி வாசனை பஸ் ஜன்னல் வழியாகவே ஏறி வந்தது. சந்தைத் தெருவில் ஒரு உரக்கடையில் கிலோ நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்காரர், "மருந்து பாட்டுக்கு மருந்து, ஆனா சாயங்காலத்துல தண்ணி ஊத்தாதீங்கம்மா" என்றார். கோமதி, "அத்த இப்பதான் எங்க வீட்டுக்காரர்கிட்ட பாடம் கேட்டுகினு வரோம்" என்றார். அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து முறை மாறியது. காலையில் பனி காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர், அதுவும் கொஞ்சம். தட்டுகளைத் தரையிலிருந்து எடுத்துச் செங்கல் மேல் வைத்தோம், காற்று அடியில் போகட்டும் என்று. சாய்ந்த நாற்றை மண்ணோடு தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, தட்டைக் கழுவிப் புது விதை போட்டோம். வெயில் இருக்கும்போதே மூங்கில் கழி நட்டு, செடியைத் தொடாத உயரத்தில் அந்தக் காய்ந்த துணியைப் பந்தலாக இழுத்துக் கட்டினோம். காலையில் வெயில் வந்ததும் அவிழ்த்துச் சுருட்டினோம். துணியின் வெளிப்பக்கம் பனியில் நனைந்து கனத்திருக்கும். உள்ளே இலை காய்ந்திருக்கும்.

முதல் நாள் நாலைந்து சாய்ந்தன. அடுத்த நாள் ஒன்றிரண்டு. அதற்கு மறுநாள் தட்டு தட்டாகக் குனிந்து தேடினோம், ஒன்றும் விழவில்லை. கோமதி வரப்பிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு தூக்குப் பாத்திரம் மோரை இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனோம். தல விருட்சமான மாமரத்தில் அங்கங்கே பூ எட்டிப் பார்த்தது. மாமரத்துக்கு இந்தக் குளிர் வேண்டும், குளிர்ந்தால்தான் பூக்கும். அதே பனி பூவுக்குச் சாம்பல் நோயையும் கூட்டிக்கொண்டு வரும் என்பது வேறு விஷயம். "கொடுக்கறதும் இதேதான், கெடுக்கறதும் இதேதான். யாரத் திட்டறது?" என்றார் கோமதி. சாமியிடம் என்ன கேட்டாரென்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து சுண்டல் வாங்கித் தின்றோம், பொட்டலம் இருபது ரூபாய்.

போகி, விடிகாலை.

பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆளுக்குச் சொல்லிவிட்டு, நாற்று வண்டி ஏறும் வரை தங்கிவிட்டேன். தெருவெல்லாம் புகை. பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருந்தன. கோமதி உள்ளேயிருந்து வாளித் துணியைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டார். காய்ந்த துணி குப்பென்று பற்றியது.

"அடியே, அது தாரு மூடற துணிடீ!" என்று ஏகாம்பரம் பதறிக்கொண்டு வந்தார்.

"தெரியும்" என்றார் கோமதி.

நான் நித்யாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொங்கல் முடியும் வரை அந்தத் துணியைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

தை இரண்டாம் வாரம், காலை.

டேவிட் தன் குட்டியானை வண்டியை வரப்பு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இவர் இப்போது குத்தகைக்கு எடுத்துத் தன் பயிரை நடுகிறார். சொந்தப் பணத்தைப் போடுகிறவருக்குக் கண் கூர்மையாக இருக்கும். தட்டில் ஒரு நாற்றைக் குழியோடு பிடுங்கி, மண்ணை உதிர்த்து, வேரை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கோமதி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

"வேரு நல்லா வெள்ளையா கீதேம்மா!" என்றார். தண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "தண்டும் கெட்டி. ஆனா சொன்ன அளவு இல்லியே?"

"இல்லப்பா. பனியில கொஞ்சம் போச்சு. என் தப்புதான். இருக்கறது அத்தனையும் நல்லது. வேணாம்னா சொல்லிடு" என்றார் கோமதி.

டேவிட் தலையைச் சொறிந்தார். "எங்க பக்கம் ஒருத்தன் நாத்து மொத்தமும் போச்சும்மா. பனியில நின்னு தப்பிச்ச நாத்து, வயலுக்குப் போனாலும் தாங்கும். இத்த ஏத்துங்க. மிச்சத்த மாசியில குடுங்க, நான் வேற எங்கியும் போவல."

கோமதி திரும்பி நின்றுகொண்டார். எங்களைத் தொடர்ந்து வந்து ஓரமாக நின்றிருந்த ஏகாம்பரம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் தட்டைத் தூக்கினார்.

"நேரா புடிங்க! நாத்து கொட்டிடப் போவுது!" என்று கோமதி அதட்டினார். மனிதர் நேராகப் பிடித்தார்.

அன்று மாலை, ஐந்தரை மணி.

கோமதி முசரவாக்கத்துப் பந்தலுக்குப் போய்விட்டதால், என்னை வழியனுப்ப ஏகாம்பரம்தான் பேருந்து நிலையத்துக்கு வந்தார். கோமதி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் ஒரு கையில், எனக்காக வாங்கிய தண்ணீர் பாட்டில் இன்னொரு கையில். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றார். பஸ் கிளம்பக் காத்திருக்கும்போது அவர் போன் அடித்தது. யாரோ தறிக்காரர் போலிருக்கிறது.

"ஆமாம்பா, பாவு ஏத்தியாச்சு. தார் சுத்தத்தான் ஆளு வேணும். உங்க தெருவுல யாராவது இருந்தா அனுப்பு, கூலி பேசிக்கலாம்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இல்லப்பா, எங்க வீட்டம்மா வர மாட்டாங்க. அவுங்களுக்கு வேல கீது."

நான் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. "பத்திரமாப் போங்கம்மா" என்றார். பஸ் நகர்ந்தது. பாலுசெட்டிசத்திரம் வருவதற்குள் பொறுக்க முடியாமல் கோமதிக்குப் போன் போட்டேன்.

"சம்பந்தி, உங்க வீட்டுக்காரரு தார் சுத்த வேற ஆளு தேடறாருங்க!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அப்பிடியா சொன்னாரு? சரி சம்பந்தி, போன வெச்சுடறேன். பனி எறங்கறதுக்குள்ள மாசி நாத்துக்குத் துணிய இழுத்துக் கட்டணும்."

வயலில் வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது. முன் இருக்கைக்காரர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் காற்று வந்து கழுத்தில் பட்டது. போனை எடுத்துப் பார்த்தேன், இருபத்திரண்டு டிகிரி. ஜன்னலைச் சாத்திவிட்டு, பையிலிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். குளிரத்தான் செய்தது.